எந்த ஏலாது?

தொண்டைக்குள் கமராவை விட்டுப் பார்த்த டொக்டர், கையுறையைக் கழற்றியபடி சந்தோசமாகச் சொன்னார், "ஒண்டும் இல்ல டீச்சர். எல்லாம் கிளியரா இருக்கு."

அவருக்கு அது நல்ல செய்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் இல்லாமலா நான் சோற்றுப் பீங்கானைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறேன்? ஒன்றும் இல்லாமலா ஒரு பிடி சோறு உள்ளே போக ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறேன்? நான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சமிபாட்டுத் தொகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். குழாய் அடைத்தால் அடைத்த பொருள் ஒன்று இருந்தாக வேண்டும். அது என்ன என்று கேட்டேன். அவர் ஒரு துண்டை எழுதி நீட்டினார். கீழ்மாடியில் ஒரு மிஸ் இருக்கிறா, ஒருக்காப் போய்ப் பாருங்கள் என்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்மாடியில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மனநோய்ப் பிரிவு.

"எனக்கென்ன பைத்தியமா டொக்டர்?"

"அப்படி இல்ல டீச்சர்..."

"அப்ப என்னத்துக்கு அங்க அனுப்புறீங்க?"

வெளியே வரிசை நீளம். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இது தொடங்கியது ஒரு பகல் சோற்றில். சூடைமீன் ஆணம். இரண்டாவது பிடியோ மூன்றாவதோ, தொண்டையில் ஏதோ நின்றது. முள்ளு என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள், வாழைப்பழம் தந்தார்கள். முள்ளுக்கென்று படம் பிடித்தோம், முள்ளு இல்லை. பிறகு கண்ணூறு என்று ஓதிய தண்ணீர் வந்தது. எனக்கு மூத்த ராத்தா ஒரு படி மேலே போய், யாரோ சூனியம் செய்துவிட்டார்கள் என்றாள். நான் மெலிந்துகொண்டே போனேன். யார் என்ன கேட்டாலும் "ஏலாது" என்றேன். எங்கள் ஊரில் சுகமில்லை என்பதற்கு அதுதான் சொல். "டீச்சருக்கு ஏலாதாம்" என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. "உம்மாவுக்கு ஏலாது" என்று மகள் தொலைபேசியில் சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் பெட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். விழுங்க முடியாதவளுக்கு எதற்கு பிஸ்கட் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மீன் சோற்றுக்கு முன், காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்போது நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மகளுக்கு ஒலுவில் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசி வந்திருந்தது. நல்ல பையன், நல்ல வேலை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. தாய் இருந்த வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்னுக்குப் போவார்கள். வளவு பெரிதாக இருந்தால் பின்னால் ஒரு சின்ன வீடு. எங்கள் கரையோரத்தில் வளவு எங்கே இருக்கிறது? சுவரோடு சுவர். எனவே குசினிக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை அறை என்று முடிவாகியிருந்தது. பெரும்போக நெல் வெட்டி முடிந்ததும் கலியாணம். நாவிதன்வெளி வயலில் இருந்து காலையிலேயே வந்த என் புருசன், பின்பக்கம் கயிறு பிடித்து அந்த அறைக்கு அளவெடுத்தார். நான்தான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

கீழ்மாடிக்குப் போக மாட்டேன் என்று சில வாரம் பிடிவாதம் பிடித்தேன். பிறகு உடுப்பெல்லாம் தொளதொளக்கத் தொடங்கியது, பயம் வந்தது. புருசனுக்கு வேறு பயம். "கலியாணம் பேசியிரிக்கிற வீடு. ஆரும் கண்டா என்ன நினைப்பாங்க?" நான் முகம் மூடுகிறவள் அல்ல. அன்று ராத்தாவிடம் முகத்திரையை இரவல் வாங்கி, கண் மட்டும் தெரியப் போய் மர வாங்கில் உட்கார்ந்தேன். பெருத்த சாமர்த்தியம் என்று எனக்கு நினைப்பு.

"அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர்."

கையில் பிள்ளையோடு ஒரு பழைய மாணவி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெல்லிய குரலில் கேட்டேன், "எப்படிப் புள்ள கண்டுபிடிச்ச?"

"செருமினீங்களே டீச்சர். நீங்க வகுப்புக்கு வர முந்தி அந்தச் செருமல்தானே வரும். நாங்க வாய மூடிருவம்." அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முகத்திரைக்குள் வியர்த்துக் கொட்டியது.

அந்த மிஸ் உளவள ஆலோசகர், கல்முனையைச் சேர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிட இளையவர், கழுத்தில் சின்னச் சிலுவை. மேசைக்குப் பின்னால் உட்காரவில்லை. ஒரே உயரத்தில் இரண்டு கதிரைகள் போட்டிருந்தார். நான் முள்ளில் தொடங்கி கமரா வரைக்கும் ஒப்புவித்தேன். வகுப்பில் பாடம் எடுத்த பழக்கம், ஒன்றும் விடமாட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "அது எல்லாம் துண்டுல இருக்கு டீச்சர். நான் ஒண்டு கேட்கட்டா? உங்கட முதுகு கதிரையில படுதா?"

பார்த்தேன். படவில்லை. கதிரையின் முன்விளிம்பில் இருந்தேன்.

"சாஞ்சு இருங்க எண்டு சொல்லல்ல. அப்படி இருக்கிறத மட்டும் பாருங்க."

எனக்குச் சினம் தலைக்கேறியது. கதிரையில் இருக்கப் பழகவா எனக்குத் துண்டு எழுதினார்கள்? இதற்கா நான் ராத்தாவின் முகத்திரைக்குள் வெந்தேன்? கவலைப்படாதீங்க, எல்லாம் சரிவரும் என்று புத்திமதி சொல்வார் என்று எதிர்பார்த்து, அதற்குச் சுடச்சுடப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவரோ செருப்பைக் கழற்றச் சொன்னார். சீமெந்துத் தரையில் உள்ளங்காலை வைத்துக் குளிர் தெரிகிறதா என்று கேட்டார். மூச்சு எது மட்டும் போகிறது, நெஞ்சு மட்டுமா வயிறு மட்டுமா என்று கேட்டார்.

"இது சும்மா என்ட நினைப்பு எண்டுதானே சொல்லப் போறீங்க?" என்றேன்.

"இல்ல டீச்சர். அடைக்கிறது மெய். உங்கட தொண்டை பொய் சொல்லல்ல. டொக்டர் உள்ளுக்க பார்த்தவர், புண் இல்ல, கட்டி இல்ல. அது நல்லம். இனி ஆளை முழுசாப் பார்ப்பம். என்ன சாப்பிடுறீங்க, எப்படித் தூங்குறீங்க, வீட்டில ஆர் ஆர், உடம்பு எங்க இறுகுது, எங்க இளகுது. கதை வரும். முதல்ல உடம்பு வரட்டும்."

பிறகு அவர் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. "தொழுகையில எந்த இடத்தில அடைக்குது?"

ஒரு கிறிஸ்தவப் பெண் என்னிடம் அதைக் கேட்டதில் ஒரு நிமிடம் திகைத்துப் போனேன். யோசித்துப் பார்த்தேன். நின்று ஓதும்போது அடைக்கிறது. குனிகிற ருகூவில் அடைக்கிறது. சுஜூதில், நெற்றி நிலத்தில் இருக்கும்போது, அடைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து நேரமும் தொழுகிறேன், இது எனக்குத் தெரியாது! உடம்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவளுக்கு இது தெரியாது. அவர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "அத மட்டும் வச்சிருங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு முன் ஹோலில் இருந்தவள், குனிந்து என்னைப் பார்த்தேன். சோபாவின் விளிம்பில் இருந்தேன். என் சொந்த வீட்டில், என் சொந்த சோபாவில், எழும்பிப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருக்கிற விருந்தாளியைப் போல. தேத்தண்ணீர் ஆறிப் போகும் வரைக்கும் அசையாமல் இருந்தேன். எப்போதிருந்து இப்படி இருக்கிறேன்? யாரைக் கேட்பது?

அடுத்த முறை முகத்திரை இல்லாமல்தான் போனேன். அதுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே.

"இண்டைக்கு எப்படி டீச்சர்?"

"ஏலாது மிஸ்."

"என்ன ஏலாது?"

"சுகமில்ல எண்டு சொல்றன்."

"அது விளங்குது. நானும் இந்தப் பக்கத்து ஆள்தானே. ஆனா அந்தச் சொல்லுக்கு ரெண்டு கருத்து இருக்கு. அதனாலதான் கேட்கிறன். எந்த ஏலாது?"

எனக்குப் புரியவில்லை. அல்லது புரிய விருப்பமில்லை. சுகமில்லை என்பதற்கும் ஏலாது. என்னால் முடியாது, மாட்டேன் என்பதற்கும் ஏலாது. பிறந்ததில் இருந்து இரண்டுக்கும் அதே சொல்லைத்தான் சொல்லி வருகிறோம். யாரும் ஒன்றை மற்றதாக மாற்றி விளங்கிக்கொண்டதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கையப் பாருங்க டீச்சர்."

என் வலது கை நெஞ்சுக்கு நேராக எழுந்து, உள்ளங்கை அவர் பக்கம் விரிந்து நின்றது. நான் அதைத் தூக்கவில்லை. அல்லாஹ் மீது ஆணையாக நான் தூக்கவில்லை. யாரையோ தள்ளப் போகிற கை அது.

"என்ட கைய அதில வைக்கட்டா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் தன் உள்ளங்கையை என் உள்ளங்கையோடு வைத்தார். "இப்ப தள்ளுங்க. தள்ளிக்கொண்டு அந்தச் சொல்லச் சொல்லுங்க."

"ஏலாது," என்றேன். பூனைக்குட்டிச் சத்தம்.

"காலை நிலத்தில ஊண்டிச் சொல்லுங்க."

"ஏலாது."

"இன்னும்."

அடுத்தது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தொண்டையில் இருந்து அல்ல. அடிவயிற்றில் இருந்து வந்தது. "ஏலாது! எனக்கு ஏலாது! என்ட வீட்ட விட்டுப் பின்னுக்குப் போக எனக்கு ஏலாது!" அவருடைய கதிரை கிறீச்சென்று தரையில் இழுபட்டுச் சுவரில் போய் முட்டியது. கதவைத் திறந்துகொண்டு தாதி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் வாங்கில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். "ஒண்டுமில்ல, போங்க," என்று மிஸ் சிரித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

யார் அப்படிக் கத்தியது? நான் அப்படிப்பட்ட உம்மா இல்லை. கலியாணத்துக்கு மாபிள் தெரிந்தெடுத்தது நான். திரைச்சீலைக்கு நிறம் சொன்னது நான். மகளின் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்கிற பொம்பிளையா நான்? வெட்கத்தில் எனக்குச் சாகலாம் போல இருந்தது. மிஸ் தேற்றவில்லை. அவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பாதிப் போத்தல் போன பிறகுதான் உணர்ந்தேன், அடைக்கவில்லை. ஒரு இடத்திலும் நிற்காமல் இறங்கியது. அந்தப் பயத்தை என்னால் இன்றைக்கும் சொல்லி முடிக்க முடியாது. நோய் போனதற்கு யாராவது பயப்படுவார்களா? நான் பயந்தேன். மாதக்கணக்காக நான் ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வீடு முழுக்க அதற்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் சேர்ந்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால் போதும். மிஸ் விடவில்லை.

"டீச்சர், இன்னும் ஒண்டு. நீங்க உள்ள வர முந்தி ஒவ்வொரு தரமும் வாசல்ல நிண்டு செருமுறீங்க. கதவு திறந்துதான் இருக்கு. அந்தச் செருமல ஒருக்கா மெதுவாச் செய்ங்க. ஆர்ர சத்தம் அது எண்டு கேளுங்க."

மாணவி சொன்னபோது சிரிப்பாக இருந்த அதே செருமல். செய்தேன். தாழ்ந்து தொடங்கி, முடிவில் கொஞ்சம் இழுபடுகிற செருமல்.

அது என் உம்மாவுடையது.

நான் கலியாணம் முடித்தபோது உம்மா எனக்கு வீட்டை எழுதித் தந்துவிட்டு, குசினிக்குப் பின்னால் இறக்கியிருந்த பத்தி அறைக்குப் போனார். முன்னுக்கு ஏதாவது எடுக்க வரவேண்டும் என்றால், குசினி வாசலில் நின்று செருமுவார். மருமகன் ஹோலில் சாரத்தோடு சாய்ந்திருப்பார், டீவி பார்த்துக்கொண்டிருப்பார், திடீரென்று முன்னால் போய் நிற்கக்கூடாது என்ற மரியாதை. செருமிவிட்டுக் கொஞ்சம் நிற்பார். பிறகு சுவரோரமாக வந்து, அலுமாரியில் இருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருடைய அலுமாரி. அவர் பிறந்த வீடு. மௌத்தாகும் வரைக்கும் அப்படித்தான். அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. கதவு திறக்கிற சத்தத்தைக் கவனிப்போமா?

மிஸ்ஸின் அறையில் கதிரையில் முதுகு முழுவதும் சாய்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் புருசனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபக்காரர், வயலில் ஆட்களை அதட்டிப் பழகியவர். கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமி செருமுறது எனக்குக் கேட்டிரிக்கி," என்றார். "நெஞ்சுச் சளி எண்டுதான் நான் நினைச்ச. டவுணுக்குப் போற நேரமெல்லாம் பாணி மருந்து வாங்கிக் குடுத்தன். அவவும் வாங்கிக் குடிச்சாவே."

குடித்தார்தான். அந்தக் கறுத்தப் போத்தல்கள் பத்தியின் யன்னலில் வரிசையாக நின்றது எனக்கும் ஞாபகம் இருந்தது. நல்ல மருமகன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் உம்மா. மெய்யாகவே நல்ல மருமகன்தான். அதுதான் என்னை உலுக்கியது. ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை.

மகள் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப நான் எங்க உம்மா இரிக்கிற?"

நான் வாயைத் திறந்தேன்.

"இல்ல, சொல்லுங்க. உங்களுக்கு ஏலாது, சரி. வீடு இல்லாம என்னை ஆர் முடிப்பாங்க? அத விடுங்க. நாளைக்கு எனக்கும் அவருக்கும் ஒத்துவரல்ல எண்டா நான் எங்க போற? வாப்பாவும் நீங்களும் சண்டை பிடிச்ச நேரமெல்லாம் ஆர் கோபிச்சிட்டு வெளியால போன? வாப்பாதான். நீங்க போகல்ல. ஏன்? வீடு உங்கட வீடு."

அவளுடைய வாப்பா நிலத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வயதுப் பிள்ளை சொன்னது சுத்த உண்மை. எங்கள் ஊர்ப் பெண் எதற்கும் கலங்காமல் நிமிர்ந்து நிற்கிறாள் என்றால், அவள் காலுக்குக் கீழே இருக்கிற நிலம் அவளுடையது என்பதால்தான். அந்த நிலம் இன்னொரு பெண் இறங்கிக் கொடுத்தது என்பதும் உண்மைதான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு அதுவரைக்கும் கண் இருக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் சாப்பிடாமல் இருந்து கதைத்தோம். கடைசியில் வழி சொன்னதும் மகள்தான். வீட்டை அவள் பெயருக்கு எழுதுவது. ஆனால் நான் மௌத்தாகும் வரைக்கும் முன் அறை எனக்கு என்று வீட்டு உறுதிப் பத்திரத்திலேயே போடுவது. பின்னால் அறை கட்டுவதில்லை. மாப்பிள்ளை வந்தால் எல்லாரும் ஒரே வீட்டில், ஒரே வாசலால் போய் வருவது.

"அதுக்கு ஓம் எண்டா வரட்டும்," என்றாள். "இல்லாட்டி வேணாம்." அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும்.

இதை மாப்பிள்ளை வீட்டுக்கு யார் சொல்வது? புருசன் ஏலாது என்றார். இந்த முறை எந்த ஏலாது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெண்ணின் உம்மா மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போய்ப் பேச்சுப் பேசுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. நான் ஓட்டோ பிடித்துப் போனேன்.

அந்த வீட்டின் முன்பக்கம் கண்ணைப் பறித்தது. புது மாபிள், புதுத் தூண். மாப்பிள்ளையின் தங்கைக்குப் போன வருசம்தான் கலியாணம் நடந்திருந்தது. அவள் கதவைத் திறந்து, சலாம் சொல்லி, "உம்மாவா? வாங்க மாமி," என்று என்னை உள்ளே கூட்டிப் போகாமல், பக்கத்துச் சுவரோரமாகப் போகிற ஒடுங்கிய வழியால் பின்னுக்குக் கூட்டிப் போனாள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு கதவு.

ஒரு கட்டில், சுவர் முழுக்க நெல்மூட்டை, வேலை செய்யாத பழைய குளிர்ப்பெட்டி, ஒரேயொரு கதிரை. என் மகளுக்கு வீடு எழுதியாக வேண்டும், ஹோலுக்கு மாபிள் போட்டாக வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்து நிமிர்ந்திருந்து கதைத்த மாப்பிள்ளையின் உம்மா, அந்த மாமி, கட்டிலில் இருந்து எழும்பி எனக்கு அந்தக் கதிரையைத் தள்ளிவிட்டார்.

நான் ஒளிக்கவில்லை. தொண்டை அடைத்தது, கமரா, கீழ்மாடி, கத்தியது, என் உம்மாவின் செருமல், முன் அறை, எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடிய, அவர் குரல் கல்லாக வந்தது.

"நான் குடுத்தன். நீங்களும் குடுங்க."

"எனக்கு ஏலாது மாமி."

"எனக்கு ஏலும் எண்டா குடுத்த? ஆராவது என்னைக் கேட்டாங்களா? நான் வாயத் துறந்தனா? என்ட மகன் வந்து இரிக்கிற வீட்டில அவன்ட மாமி முன்னுக்கு இரிக்கிற, நான் மட்டும் இங்க நெல்மூட்டையோட கிடக்கிற. அது எந்த ஞாயம்?"

அவர் என் மீது கோபப்படவில்லை என்று விளங்கியது, ஆனாலும் அந்தக் கோபம் வேறு போக இடமில்லாமல் என் மீதுதான் வந்து விழுந்தது. நான் எழுந்தேன்.

"அப்ப இந்தக் கலியாணம் சரிவராது டீச்சர்," என்றார். "ஆக்களுக்குச் சொல்லிருங்க."

"சரி மாமி."

வீட்டில் மகள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்ற நினைப்போடு சுவரோரமாக நடந்தேன். மாமியும் பின்னால் வந்தார். வழியனுப்ப வருகிறார் என்று நினைத்தேன். முன் ஹோலில் டீவி சத்தம் கேட்டது. படலையைத் திறக்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்தார். இரும்புப் பிடி. திடுக்கிட்டுத் திரும்பினேன். அவருடைய மற்றக் கை அடிவயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தது.

ஹோல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த மிஸ் எந்த நாள்ள இரிக்கிற?"

"செவ்வாய்க்கிழமை," என்றேன். "விடியவே போங்க. நான் வேணுமெண்டா கூட வாறன்."

அவர் தலையசைத்தார். பிடியை உடனே விடவில்லை.

"என்ட மகளுக்குத் தெரிய வேணாம்," என்று சொல்லிவிட்டு, வந்த வழியாலேயே பின்னுக்குப் போனார்.